லிட்டர் ட்ரே இருந்தும் பூனை வெளியே போகிறதா? காரணம் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒழுங்காக லிட்டர் ட்ரேயில், அதாவது பூனை சிறுநீரும் மலமும் கழிக்க மண் போட்டு வைக்கும் தட்டில், போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று கட்டில் மேலும் ஸ்கூல் பை மேலும் போக ஆரம்பித்தால், பெரும்பாலான வீடுகளில் முதலில் விழுவது அடி. அடுத்து ஃபினாயில் போட்டுக் கழுவுவார்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் வேறு மண் வாங்குவார்கள். பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் பூனை வளர்க்கும் வீடுகளில் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

காரணம் வீட்டுக்கு வீடு மாறும். தேடும் வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் உடம்பு, அடுத்து ட்ரேயும் மண்ணும், அப்புறம் ட்ரே இருக்கும் இடம், கடைசியில் பயமும் மற்ற பூனைகளும். நோய் இருக்கும்போது ட்ரேயை மாற்றிக்கொண்டிருந்தால் நாள்தான் வீணாகும். ஒரே நாளில் நான்கு மாற்றம் செய்தால் எதனால் சரியானது என்றே தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

1. முதல் கேள்வி: சிறுநீர் வருகிறதா?

வேறு எதையும் செய்யும் முன் இதைப் பாருங்கள். பூனை ட்ரேயில் உட்கார்ந்து, முக்கி, ஒன்றும் வராமல் எழுந்து, சில நிமிடத்தில் மறுபடி போய் உட்காருகிறதா? சொட்டுச் சொட்டாக மட்டும் வருகிறதா? அடிவயிற்றுக்குக் கீழே விடாமல் நக்குகிறதா? உட்காரும்போது கத்துகிறதா?

கடுவன் பூனையிடம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது. நுண்ணிய படிகத் துகளும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்துக்கொண்டால் சிறுநீரோடு வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். ஒன்றிரண்டு நாளில் உயிரே போகலாம். வாந்தியும் சோர்வும் வந்துவிட்டது என்றால் நேரம் ஏற்கெனவே நிறையப் போய்விட்டது.

புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சிறுநீருக்கு முக்குவதும் மலத்துக்கு முக்குவதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். “மூணு நாளா முக்கிக்கினே கீதுபா, வெளக்கெண்ண குடுத்தும் ஒண்ணும் ஆவல” என்று பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். பின்னங்கால்களுக்கு முன்னால் வயிற்றை மெல்லத் தொட்டால் எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக ஓர் உருண்டை தட்டுப்படும். அது நிரம்பிப்போன சிறுநீர்ப்பை. அதை அமுக்கிவிடாதீர்கள், கிழிந்துவிடும். விளக்கெண்ணெய், பால், சீரகத் தண்ணீர் எதுவும் அந்த அடைப்பை எடுக்காது. மருத்துவர் குழாய் செலுத்தித்தான் எடுக்க முடியும்.

வலிக்குமே என்று மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்கவும் கூடாது. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பக்கம்தான். ஆனால் இரவில் எங்கே மருத்துவர் இருப்பார் என்பதை நெருக்கடி வரும் முன்பே விசாரித்து, நம்பரைச் சுவரில் ஒட்டி வையுங்கள். நடுராத்திரியில் கத்தும் பூனையை வைத்துக்கொண்டு தேடுவது கஷ்டம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூடியும் காற்றோட்டமும் உள்ள கூடை ஒன்று. ஆட்டோவில் கையில் பிடித்துக்கொண்டு போன பூனை சிக்னலில் குதித்து ஓடினால் திரும்பக் கிடைக்காது.

புற ஊதா டார்ச் ஒன்று. கள்ள நோட்டு பார்ப்பதற்காகக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் அதே சின்ன டார்ச்தான். பாரிமுனைப் பக்கம் எலக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தரையிலும் சுவரடியிலும் அடித்துப் பார்த்தால் காய்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சள் பச்சையாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த ஓர் இடத்தைக் கழுவிவிட்டு, தெரியாத நான்கு இடத்தை விட்டுவைப்பதால்தான் பல வீடுகளில் பிரச்சினை நீள்கிறது.

செல்லப் பிராணிகளின் கறைக்கென்றே விற்கும் என்சைம் கிளீனர், அள்ளும் கரண்டி, இன்னொரு ட்ரே. இவை போதும். புது மண் இப்போதே வாங்க வேண்டாம்.

3. ஒரு வாரம் எழுதி வையுங்கள்

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே இதற்குப் போதும். கிழிக்கும் தாளை எறியாமல், அதன் பின்பக்கம் எழுதுங்கள். எத்தனை முறை சிறுநீர், எத்தனை முறை மலம், எந்த இடம், எத்தனை மணி, அப்போது வீட்டிலும் தெருவிலும் என்ன நடந்தது. அவ்வளவுதான்.

நலமாக இருக்கும் வளர்ந்த பூனை நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு முறை சிறுநீர் கழிக்கும், ஏறக்குறைய ஒரு முறை மலம் கழிக்கும். சிறுநீர் பட்ட இடம் கட்டியாகும் மண்ணைப் பயன்படுத்தினால் கணக்கு எடுப்பது சுலபம்: ஒரு கட்டி, ஒரு தடவை. கட்டி சின்னதாகி எண்ணிக்கை கூடினால் சிறுநீர்ப்பையில் எரிச்சல் இருக்கலாம். கட்டி பெரிதாகி எண்ணிக்கையும் கூடினால், அதுவும் வயதான பூனை என்றால், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு மூன்றையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

நேரத்தை எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடு ஒன்றில் பூனை விடிகாலையில் மட்டும் பாயில் போய்க்கொண்டிருந்தது. மற்ற நேரமெல்லாம் ட்ரேதான். வீட்டு அக்கா எழுதி வைத்த தாள்களைப் பார்த்தால் எல்லா நாளும் அதே நேரம், தண்ணீர் வரும் நேரம். ட்ரே இருந்தது அடிபம்புக்குப் பக்கத்தில். கைப்பிடி கிரீச்சிட, காலிக் குடங்கள் ஒன்றோடொன்று மோத, தரையெல்லாம் ஈரமாகும் நேரத்தில் பூனை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. ட்ரேயை எதிர்ச் சுவருக்கு நகர்த்தியதும் சரியானது. நேரத்தை எழுதாமல் இருந்திருந்தால் ‘பாய் பழக்கம் பிடித்துவிட்டது’ என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

4. பழக்கத்தைப் படிப்பது எப்படி

ட்ரேயில் பூனை செய்யும் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் உண்டு. ஆனால் எல்லாமே பிரச்சினை என்று அர்த்தமில்லை. அளவுகோல் ஒன்றுதான்: அந்தப் பழக்கம் புதிதாக வந்ததா? குட்டியிலிருந்தே அப்படிச் செய்யும் பூனை என்றால் அது அதன் சுபாவம். போன மாதம் இல்லாதது இந்த மாதம் வந்தால் காரணம் தேட வேண்டும்.

மண்ணைத் தொடாமல் ட்ரேயின் பக்கச் சுவரையும் வெளித் தரையையும் மட்டும் சுரண்டுவது: மண் போதவில்லை, அல்லது ட்ரே சின்னது. சில பூனைகளுக்கு மண்ணின் கரடுமுரடு பிடிக்காது. முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் வைத்து நிற்பதும் இதே காரணத்தால்தான். மண் ஈரமாக இருந்தாலும் அப்படி நிற்கும்.

மூடாமல் வருவது: சில பூனைகள் எப்போதுமே மூடாது, விட்டுவிடலாம். இதுவரை மூடிக்கொண்டிருந்த பூனை முடித்த கையோடு வெளியே பாய்ந்து ஓடினால் வலி, மண்ணின் மேல் வெறுப்பு, வேறு பூனை மேல் பயம் ஆகிய மூன்றில் ஒன்று. மலம் கழித்ததும் வீட்டைச் சுற்றி ஓர் ஓட்டம் ஓடுவது வேறு. பல பூனைகள் அப்படித்தான், கவலை வேண்டாம்.

ட்ரேக்குள் நின்றுகொண்டு வெளியே ஊற்றுவது: பூனை உள்ளேதான் போயிருக்கிறது, அதைத் திட்டக் கூடாது. பின்பக்கம் தூக்கி நிற்கும் பூனைக்கு ட்ரே சுவரின் உயரம் போதவில்லை. வயதான பூனையாக இருந்தால் மூட்டு வலியால் உட்கார முடியாமல் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரேயை ஒட்டி, அதன் வாசலிலேயே போவது: இடம் பிடித்திருக்கிறது, ட்ரே பிடிக்கவில்லை. அழுக்கு, மண், அளவு இவற்றில் கோளாறு இருக்கும். ட்ரேயை விட்டு வெகுதூரத்தில், கட்டிலடியிலோ பீரோ பின்னாலோ போனால் அதற்கு நேர்மாறு. இடத்தின் மேல்தான் பயம்.

சிறுநீர் ட்ரேயில், மலம் வெளியே: நிறையப் பேர் கேட்பது இது. இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய விரும்பாத பூனைகள் இருக்கின்றன. இரண்டாவது ட்ரே வைத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். மலம் கெட்டியாக, உலர்ந்த உருண்டைகளாகக் கிடந்தால் மலச்சிக்கல் வலியால் ட்ரேயை விட்டு நகர்ந்திருக்கிறது.

பாத்ரூம் ஜல்தாரை ஓரம் போவது: நம் பக்கம் பல பூனைகளை அங்கேதான் பழக்கியிருப்பார்கள், அப்படியானால் இது பழைய பழக்கம். ட்ரே மட்டுமே பழகிய பூனை திடீரென்று குளிர்ந்த வழவழப்பான தரையைத் தேடினால், ட்ரேயில் ஒருமுறை எரிச்சலோடு போய், ‘இந்த மண்தான் வலிக்க வைத்தது’ என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். நோய் தீர்ந்த பிறகும் அந்தப் பயம் மிஞ்சும்.

ட்ரேயிலேயே படுத்துக்கொள்வது: புது வீட்டுக்கு வந்த பூனை தன் வாடை இருக்கும் ஒரே இடம் என்று அங்கே ஒளியும். சினைப் பூனை என்றால் குட்டி போட இடம் தேடுகிறது; பழைய புடவை விரித்த அட்டைப் பெட்டி ஒன்றைத் தனியாக வையுங்கள். இரண்டும் இல்லையென்றால் உடம்பு சரியில்லை.

மண்ணைத் தின்பது: இதைச் சாதாரணமாக விடாதீர்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தசோகை இருக்கலாம். கட்டியாகும் மண்ணை உடனே எடுத்துவிட்டுக் கிழித்த நியூஸ்பேப்பர் போடுங்கள்; அந்த மண் குடலில் ஊறிக் கெட்டியாகும்.

நின்றபடி, வாலைத் தூக்கி நடுக்கி, சுவரிலோ கதவிலோ பீய்ச்சுவது: இது எல்லை குறிப்பது. அளவு கொஞ்சமாக இருக்கும், நாற்றம் பலமாக இருக்கும். உட்கார்ந்து தரையில் நிறையப் போவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பற்றி ஒன்பதாவது படியில் சொல்கிறேன்.

‘ஊருக்குப் போனதற்குப் பழிவாங்குகிறது’ என்று சொல்வார்கள். பூனைக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஆள் இல்லாத வீட்டில் பயந்திருக்கும். உங்கள் வாடை அடிக்கும் படுக்கையில் தன் வாடையைச் சேர்த்தால் அதற்கு ஒரு தைரியம். அடித்தால் பயம் இன்னும் கூடும், ஒளிந்து போகக் கற்றுக்கொள்ளும். மூக்கைக் கொண்டுபோய்ச் சிறுநீரில் தேய்ப்பதும் அப்படித்தான்.

5. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்

அவசரம் இல்லாவிட்டாலும், பழக்கம் புதிதாக மாறியிருந்தால் ஒருமுறை காட்டிவிடுங்கள். காலண்டர் தாள்களைக் கையோடு எடுத்துப் போங்கள். ட்ரேயில் நடப்பதைப் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. மருத்துவமனை மேசையில் பூனை எதையும் செய்து காட்டாது.

சிறுநீர்ப் பரிசோதனையைக் கேளுங்கள். ஏழெட்டு வயது தாண்டியிருந்தால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். கல் இருக்கிறதா என்று ஸ்கேனில் தெரியும்.

மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன், சரியாகிவிட்டது என்பார்கள். இளம் பூனைகளுக்கு வரும் சிறுநீர்ப்பை அழற்சியில் பெரும்பாலும் கிருமியே இருக்காது. மன அழுத்தத்தால் தூண்டப்படும் அழற்சி அது. ஒரு வாரத்தில் தானாகவே தணியும். மருந்தால் தணிந்தது என்று நினைத்து உண்மையான காரணத்தை விட்டுவிடுவதால் அடுத்த மாதம் திரும்ப வரும்.

6. கறையை எடுப்பது

உடம்பைப் பார்த்த பிறகுதான் சுத்தம். முதலிலேயே கழுவிவிட்டால் சிறுநீரில் ரத்தம் இருந்ததா, எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் தெரியாமல் போய்விடும்.

ஃபினாயில் வேண்டவே வேண்டாம். ஃபீனால் வகைப் பொருள்களை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உள்ளே போகும். டெட்டால் மாதிரி கிருமிநாசினிகளும் இதே வகையில்தான் வரும். பிளீச்சிங் பவுடர் சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் புகை வரும். சின்ன வீட்டில், ஜன்னல் சாத்திய அறையில் அது உங்களுக்கும் ஆபத்து.

சோப்புத் தண்ணீர் நம் மூக்குக்கு மட்டும் போதும். பூனைச் சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. தரையின் நுண்துளைகளில் தங்கிவிட்டு, காற்றில் ஈரம் ஏறும்போது மறுபடி வாடை விடும். வெயில் காலத்தில் கழுவிவிட்ட இடம் ஐப்பசி மழை பிடித்ததும் நாறத் தொடங்குவது இதனால்தான். பூனை அந்த வாடையை மோந்து ‘இதுதான் நம் இடம்’ என்று திரும்பவும் போகும்.

செய்யும் முறை: ஈரமாக இருந்தால் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். என்சைம் கிளீனரைக் கறையைவிடச் சற்று அகலமாக, நனைய ஊற்றுங்கள். பாக்கெட்டில் போட்ட நேரம் வரை ஊறவிட்டுத் தானாகக் காயவிடுங்கள். என்சைம் வேலை செய்ய ஈரமும் நேரமும் வேண்டும். உடனே துடைத்தால் வீண். முன்பு ஃபினாயில் போட்ட இடம் என்றால் முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் என்சைமையே அது கெடுத்துவிடும்.

இலவம்பஞ்சு மெத்தை நனைந்தால் முழுதாக மீட்பது கடினம். வெயிலில் காயவைத்து, இந்தப் பிரச்சினை முடியும் வரை மேலே ரெக்சின் விரித்து வையுங்கள்.

7. ட்ரேயும் மண்ணும்

மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை பூனையை அளந்துகொள்ளுங்கள். ட்ரே அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை வளர்ந்த கடுவனுக்குப் போதாது. துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பை வாங்கி ஒரு பக்கம் தாழ்வாக வெட்டி, விளிம்பைத் தேய்த்துவிட்டால் நல்ல ட்ரே ஆகிவிடும், செலவும் குறைவு. வயதான பூனைக்கு வாசல் இன்னும் தாழ்வாக வேண்டும். காசிமேட்டில் கிடைக்கும் பழைய மீன் பெட்டிகளைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு கழுவினாலும் மீன் வாடை போகாது, சாப்பாட்டு வாடை உள்ள இடத்தில் பூனை மலம் கழிக்க விரும்பாது.

மூடி போட்ட ட்ரே நமக்குப் பார்க்க நன்றாக இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே அம்மோனியா தேங்கும், மற்ற பூனை வழிமறித்தால் தப்பிக்க வேறு வாசலும் இல்லை. எடுத்துவிட்டுப் பாருங்கள்.

எத்தனை ட்ரே? பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூடுதல் என்பது கணக்கு. ஒற்றை அறை வீட்டில் நான்கு ட்ரே வைக்க முடியாது என்பது தெரியும். அப்படிப்பட்டவர்கள் இருக்கும் ட்ரேயைப் பெரிதாக்கி, ஒரு நாளைக்கு மூன்று தடவை அள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் மூன்று வைத்தாலும் பூனைக்கு அது ஒரே ட்ரேதான். ஒன்றையாவது கண்மறைவில் வையுங்கள்.

மண்ணைப் பொறுத்தவரை, பெரும்பாலான பூனைகளுக்கு வாசனை இல்லாத, பொடியான, கட்டியாகும் பென்டோனைட் களிமண் பிடிக்கும். மல்லிகை, லாவண்டர் வாசனையெல்லாம் நமக்காகச் சேர்ப்பது. பூனையின் மூக்குக்கு அது தொல்லை. மூன்று விரல்கடை உயரம் போடுங்கள்.

செலவைக் குறைக்க ஆற்று மணல், எம்-சாண்ட், மரத்தூள் போடுபவர்கள் நிறைய. போடலாம், ஆனால் மணலைச் சலித்து வெயிலில் காயவைத்த பிறகு. தெருவோரம் கொட்டிக் கிடக்கும் கட்டட மணலில் ஊர்ப் பூனைகள் ஏற்கெனவே போயிருக்கும். அந்த வாடையோடு புழு முட்டையும் வீட்டுக்குள் வரும். மரத்தூளில் மாவு மாதிரி பறக்கும் தூசி இருந்தால் பூனை தும்மும். சோயாவில் செய்யும் டோஃபு மண் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் ஆகாத குட்டிகளுக்குக் கட்டியாகும் மண் வேண்டாம், வாயில் போட்டுப் பார்க்கும்.

மண்ணை மாற்றும்போது பழைய ட்ரேயை அப்படியே வைத்துவிட்டு, புது மண்ணை இரண்டாவது ட்ரேயில் பக்கத்தில் வையுங்கள். எதில் போகிறது என்று பூனையே காட்டிவிடும். ஒரே நாளில் மொத்தமாக மாற்றிவிட்டு, பிடிக்காமல் வெளியே போனதைத் திட்டுவது நியாயமில்லை.

தினம் இரண்டு தடவை அள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டி, வாசனையில்லாத சோப்பால் கழுவிக் காயவையுங்கள். பழைய மண்ணைக் கக்கூஸில் கொட்டவே கூடாது. பென்டோனைட் குழாயில் ஊறி அடைத்துக்கொள்ளும், மாடி வீடு என்றால் கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார். கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அள்ளும் வேலையை வேறொருவர் செய்யட்டும். மலத்தில் கருவைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ளி, கையுறை போட்டு, கை கழுவினால் அபாயம் மிகவும் குறையும். இதற்காகப் பூனையைக் கொண்டுபோய்த் தெருவில் விட வேண்டியதில்லை.

8. இடம்

பூனை உட்காரும் நேரத்தில் அது தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறது. எனவே யார் வருகிறார் என்று பார்க்கவும் ஓடவும் வழியுள்ள இடம்தான் அதற்கு வேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், வாஷிங் மெஷின், மோட்டார் பக்கத்தில், குக்கர் விசில் அடிக்கும் சுவரோரம் வேண்டாம்.

பாத்ரூமில் வைப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, தரை ஈரம். நனைந்த தரையைத் தாண்டிப் பல பூனைகள் போகாது. இரண்டு, கதவு. ஆள் குளிக்கும்போதும் இரவிலும் கதவு சாத்தியிருந்தால் பூனை எங்கே போகும்? கொக்கியில் கயிறு கட்டி எப்போதும் ஒரு சாண் திறந்திருக்கும்படி செய்துவிடுங்கள்.

தெருவை ஒட்டிய ஜன்னலடியும் சரிவராது. நம் தெருக்களில் சாவு ஊர்வலம் வந்தால் மேளமும் வெடியும் ஒன்றாக வரும். தீபாவளிக்கு முன்பின் ஒரு வாரம் சொல்லவே வேண்டாம். ட்ரேயில் இருக்கும்போது ஒரு வெடி வெடித்தால், பூனை அந்த ட்ரேயையே பல நாள் நம்பாது. வீட்டின் உள்பக்கச் சுவரோரம், கட்டிலின் தலைமாட்டு மூலை, பீரோவுக்கும் சுவருக்கும் இடையே இரு பக்கமும் திறந்த சந்து, இவை நல்ல இடங்கள்.

இடம் மாற்றும்போது நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்துங்கள். அல்லது புது இடத்தில் இரண்டாவது ட்ரே வைத்து, பூனை பழகிய பிறகு பழையதை எடுங்கள்.

9. பீய்ச்சுவதும் மற்ற பூனைகளும்

கருத்தடை ஆகாத கடுவன் ஆறு மாதத்தை ஒட்டிப் பீய்ச்ச ஆரம்பிக்கும். ட்ரே, மண், இடம் எதை மாற்றினாலும் இது நிற்காது. கருத்தடை ஆபரேஷன் செய்தால் பெரும்பாலான கடுவன்களுக்கு நின்றுவிடும். ஹார்மோன் வடிய சில வாரம் ஆகும். பருவத்துக்கு வந்த பெட்டைப் பூனையும் பீய்ச்சும், அதற்கும் இதே வழிதான்.

ஆபரேஷனுக்குப் பிறகும் ஜன்னலடியிலும் வாசல் கதவிலும் மட்டும் பீய்ச்சினால் வெளியே பாருங்கள். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் பக்கத்து மொட்டைமாடிக் கடுவன் சன்ஷேடில் வந்து உட்காரும். உள்ளே இருக்கும் பூனைக்கு அது எல்லைத் தகராறு. ஜன்னலின் கீழ்ப் பாதியைக் காகிதம் ஒட்டி மறையுங்கள், வாசலில் வெளிப்பூனைக்குச் சோறு வைப்பதைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளேயே பல பூனைகள் என்றால் சண்டை சத்தம் கேட்காததை வைத்து ஒற்றுமை என்று நினைக்க வேண்டாம். ஒரு பூனை ட்ரேக்குப் போகும் வழியில் சும்மா படுத்திருந்தாலே போதும், மற்றது திரும்பிவிடும். யார் வெளியே போகிறது என்று தெரியாவிட்டால் இரண்டு நாள் ஒவ்வொன்றையும் தனித்தனி அறையில், தனித்தனி ட்ரேயோடு வைத்துப் பாருங்கள்.

10. சாப்பாடும் தண்ணீரும்

பூனைக்குத் தாகம் குறைவு, தண்ணீரின் பெரும்பகுதியைச் சாப்பாட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். வேகவைத்த மீனில் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இதை நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, காசிமேட்டில் மீன் விலை ஏறும். அதுவரை கவலை மீனும் சங்கரா மீன் தலையும் தின்ற பூனைக்கு உலர் தீனி போட ஆரம்பிப்பார்கள். அதே நேரத்தில்தான் கத்திரி வெயிலும். தண்ணீர் உள்ளே போவது குறைந்து, சிறுநீர் கெட்டியாகி, படிகம் சேர வழியாகிறது. தடைக்காலத்தில் உலர் தீனி கொடுத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தீனித் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

மீன் வேகவைத்த தண்ணீரை உப்பு போடாமல் கொடுத்தால் ஆசையாகக் குடிக்கும். குழம்பில் மிஞ்சியதை ஊற்றாதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும்.

11. திரும்பப் பழக்குவது

உடம்பு சரியாகி, கறை போய், ட்ரேயும் இடமும் திருந்திய பிறகும் சில பூனைகள் பழைய இடத்துக்கே போகும். அதற்கு மட்டும் இந்தப் படி.

ஒரு சின்ன அறையில், தனி அறை இல்லாவிட்டால் மறைப்புக் கட்டிய ஒரு மூலையில், ஒரு முனையில் ட்ரேயும் மறு முனையில் சாப்பாடு, தண்ணீர், படுக்கையும் வையுங்கள். மெத்தென்ற துணி வேறெதுவும் தரையில் கிடக்கக் கூடாது. தினமும் பலமுறை போய் உட்கார்ந்து, கொஞ்சி, விளையாடுங்கள். இது சிறைவாசம் ஆகிவிட்டால் பலன் இருக்காது. ட்ரேயில் போனவுடன் சிறு துண்டு மீன் கொடுங்கள். சில நிமிடம் கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது.

ஒரு வாரம் தவறாமல் ட்ரேயில் போனால் வீட்டின் அடுத்த பகுதியைத் திறந்துவிடுங்கள், முதலில் நீங்கள் கூட இருக்கும் நேரத்தில் மட்டும். முன்பு கெடுத்த இடத்தில் தண்ணீர்க் கிண்ணமோ தீனித் தட்டோ வையுங்கள். சாப்பிடும் இடத்தில் பூனை போகாது. மறுபடி தவறினால் ஒரு படி பின்னால் வந்து, அந்தப் பகுதியை இன்னும் சில நாள் மூடி வையுங்கள். முழு வீடும் திறந்த பிறகும் காலண்டரில் எழுதுவதை ஒரு மாதமாவது நிறுத்தாதீர்கள். கடுவன் என்றால் ஒரு முழு நாள் மண்ணில் ஒரு கட்டிகூட இல்லாமல் போனால் முதல் படிக்குத் திரும்பி, கூடையை எடுங்கள்.